நாலாம் நம்பர் அங்கி

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். அக்கா மகளைப் பத்தி அன்னைக்கு நான் என்ன சொன்னேன்னு இதுல வராது. கெஞ்சிக் கேட்டாலும் சொல்ல மாட்டேன். ஒரு தடவை வாயைத் திறந்ததுக்கே பதினோரு வருஷம் போயிடுச்சு. மத்ததெல்லாம் சொல்றேன். அக்காகிட்டக் கேட்டுட்டுத்தான் சொல்றேன்.

எனக்கு சலவைத் தொழில். துவைக்கிறதுக்கு ரெண்டு பெரிய மெஷின், உலர்த்துறதுக்கு ஒண்ணு, ஒரு ஆவி இஸ்திரி, அப்புறம் என் வீட்டுக்காரர். அவர் அதிகம் பேசாத மனுஷன், அதனால மெஷின்களோடயே சேர்த்துச் சொல்லிட்டேன், கோவிச்சுக்க மாட்டார். துணின்னா எனக்குத் தெரியாதது கிடையாது. எந்தக் கறை எப்ப பட்டது, எது போகும், எது போகாதுன்னு விரலால தேய்ச்சுப் பாத்தே சொல்லிடுவேன். ஈரமும் அப்படித்தான். மழையில நனைஞ்ச துணி ஒரு தினுசு, வேர்வையில நனைஞ்சது ஒரு தினுசு, அரைகுறையாக் காஞ்சது இன்னொரு தினுசு. எதுக்கு இவ்வளவு அளக்கிறேன்னா, அந்த அங்கியில இருந்த ஈரம் இது எதுலயும் சேரலை.

எங்க சபையில முழுக்கு ஞானஸ்நானம். மேடைக்குப் பின்னாடி ஒரு அறை இருக்கு, அந்த அறைத் தரையிலதான் தொட்டி. உள்ளே இறங்க நாலு படி. முதல் படியில தண்ணி கணுக்கால் வரைக்கும் வரும், ரெண்டாவதுல முழங்கால், மூணாவதுல இடுப்பு, நாலாவதுல நெஞ்சு. அங்கேதான் போதகர் நிப்பார். தலைக்குப் பின்னாடி ஒரு கையைக் குடுத்து முழுக்கித் தூக்கிவிடுவார். ஞானஸ்நானம் இல்லாத வாரங்கள்ல தொட்டி காலியாக் கிடக்கும், மேல பலகை போட்டு மூடியிருக்கும். பக்கத்துல ஒரு அலமாரி, அதுக்குள்ளே ஏழு வெள்ளை அங்கி. கழுத்துக்கு உள்பக்கம் சிவப்பு நூல்ல ஒண்ணுலேர்ந்து ஏழு வரைக்கும் நம்பர் போட்டிருக்கும்.

அந்த அங்கிகளைத் துவைச்சு வைக்கிறது என் ஊழியம். பதினோரு வருஷமா ஒரு சனிக்கிழமை தவறினது கிடையாது. காலையில எடுத்துட்டு வருவேன், மத்தியானம் இஸ்திரி போட்டுக் கொண்டுபோய் மாட்டுவேன், ஞாயித்துக்கிழமை காலையில ஆறு மணிக்கு சபையைத் திறக்கிறதும் நான்தான். யாரும் அதைப் போட்டிருக்காட்டாலும் ஏழு அங்கியையும் துவைப்பேன். "நனையாத துணியை எதுக்குத் துவைக்கிறே?"ன்னு வீட்டுக்காரர் ஒரே ஒரு தடவை கேட்டார். "இது ஆண்டவருக்குச் செய்றது, உங்களுக்குப் புரியாது"ன்னு வாயை அடைச்சுட்டேன். பாவம், அவருக்குப் புரிஞ்சுதான் கேட்டார்னு இப்ப தோணுது.

ஒரு ஞாயித்துக்கிழமை காலையில அலமாரியைத் திறந்தேன். ஆறு அங்கி மொடமொடன்னு தொங்குது. நாலாம் நம்பரோட அடி ஓரம் மட்டும் நனைஞ்சிருந்துச்சு.

ஓரத்துலேர்ந்து நாலு விரல்கடை உயரம். மேல் விளிம்பு ஸ்கேல் வச்சுக் கோடு போட்ட மாதிரி நேரா இருந்துச்சு. துணியில தண்ணி பட்டா மேலே ஏறும், திட்டுத் திட்டா பரவும். இது ஏறவே இல்லை. கீழே தரை காஞ்சுகிடந்துச்சு. கூரையைப் பாத்தேன், ஒழுகின தடம் இல்லை. தொட்டி மூடியைப் பாத்தேன், போன வாரம் படிஞ்ச தூசி அப்படியே இருந்துச்சு. தூக்கிப் பாத்தா தொட்டி காலி. ஓரத்தைப் பிடிச்சு முறுக்கினேன். ஒரு சொட்டு விழலை. ஆனா கையை எடுத்தா உள்ளங்கை பூரா தண்ணி. சில்லுன்னு இருந்துச்சு.

எவனோ விளையாடறான்னு திட்டிக்கிட்டே அங்கியைப் பைக்குள்ளே திணிச்சேன். அந்த வாரம் மெஷின்ல போட்டு உலர்த்தினேன், காஞ்சுடுச்சு. சனிக்கிழமை மாட்டினேன். சாவி என் இடுப்புலதான் இருந்துச்சு. மறுநாள் காலையில முழங்கால் வரைக்கும் ஈரம்.

இப்ப ஒரு உண்மையைச் சொல்லணும். அது யாரோட அங்கின்னு எனக்கு முதல் வாரமே தெரியும்.

இருபத்தாறு வருஷத்துக்கு முன்னாடி நானும் அக்காவும் ஒரே நாள்ல ஞானஸ்நானம் எடுத்தோம். அக்காவுக்கு நாலாம் நம்பர், எனக்கு அஞ்சு. எனக்குத் தண்ணின்னா உயிர் போற பயம். அக்கா முதல்ல இறங்கிப் போய் முழுகிட்டு, மேலே ஏறி வந்தா. நான் படிக்கு மேல நின்னு நடுங்கிட்டிருக்கேன், சபை மொத்தமும் பாக்குது. அவ சொட்டச் சொட்ட நின்ன கோலத்துலயே என் மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டா. "கீழே பாக்காதே. என்னைப் பாரு. நாலு படிதான். கடைசிப் படியில ஆள் நிக்கிறார், விட மாட்டார்"ன்னு சொல்லி, எனக்காக மறுபடியும் நாலு படி இறங்கினா. அப்ப அவ அங்கியோட ஓரம் படியோரத்து இரும்புக் கம்பியில மாட்டிக் கிழிஞ்சுடுச்சு. வீட்டுக்குக் கொண்டுவந்து அவளே தைச்சா. வெள்ளை நூல் தீந்துபோச்சுன்னு நீல நூல்ல தைச்சுட்டா. ஆண்டவர் நூல் கலரைப் பாக்க மாட்டார்னு சிரிச்சது எனக்கு இன்னும் காதுல இருக்கு.

நாலாம் நம்பர் அங்கியோட ஓரத்துல அந்த நீலத் தையல் இன்னும் இருக்கு. வாராவாரம் அதைப் பாத்துப் பாத்துத்தான் இஸ்திரி போட்டேன். கல் நெஞ்சுன்னு சொல்லுவாங்களே, அது வேற யாருக்கும் இல்லை, எனக்குத்தான்.

அக்கா ஒரு பள்ளிக்கூடத்து நூலகத்துல வேலை பாத்தவ. நாள் பூரா "சத்தம் போடாதே, சத்தம் போடாதே"ன்னு சொல்லியே காலம் தள்ளினவ. வீட்டுலயும் அதே கதைதான், கதவைக்கூட மெதுவாத்தான் சாத்துவா. நான் நேர் எதிர். ஜெபம்னா கூரை அதிரணும் எனக்கு.

பதினோரு வருஷத்துக்கு முன்னாடி ஒரு நாள் அக்கா என் கடைக்கு வந்தா. மெஷின் ஓடற சத்தத்துல வெளியே யாருக்கும் கேக்காதுன்னு அங்கே உக்காந்து, மகளைப் பத்தின ஒரு விஷயத்தைச் சொல்லி அழுதா. "உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன். ஜெபம் பண்ணிக்கோ"ன்னா. நான் பண்ணினேன். எங்கே பண்ணினேன்? வெள்ளிக்கிழமை பெண்கள் கூடுகையில, எழுபது பேருக்கு முன்னாடி, மைக்கைப் பிடிச்சு, கண்ணை மூடி, கண்ணீர் வழிய. "ஆண்டவரே, என் அக்கா மகளுக்கு இப்படி ஆயிடுச்சே"ன்னு ஒண்ணு விடாம. கண்ணைத் திறந்தப்ப அக்கா மூணாவது வரிசையில உக்காந்திருந்தா. பக்கத்துல அந்தப் பொண்ணு. அவ முகத்துல ஈயாடலை. ரெண்டு பேரும் எழுந்தாங்க, நாற்காலியைச் சத்தம் வராம பின்னாடி தள்ளிட்டு வெளியே போனாங்க. அதுக்கப்புறம் அவங்க சபைக்கு வரவே இல்லை. ரெண்டு மாசத்துல பொண்ணு ஊரை விட்டே போயிட்டா.

எங்க ஆளுங்க செய்ற தப்பு இது. வெளியில உள்ளவங்க புறணி பேசுவாங்க. நாங்க அதையே ஜெபக் குறிப்புன்னு சொல்லி முழங்கால்ல நின்னு பேசுவோம். யாராவது கேட்டா, "நான் ஜெபம்தானே பண்ணினேன், அதுல என்ன தப்பு?"ன்னு நானும் கேட்டுக்கிட்டுத் திரிஞ்சேன்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலமே கடையில ரெண்டு மெஷினுக்கு நடுவுல முழங்கால் போட்டேன். ரெண்டே வார்த்தை வந்துச்சு. காதுல கேட்டதுன்னு சொன்னா நம்பாதீங்க, உள்ளுக்குள்ளே வந்துச்சு. "போய்க் கேளு." யார்கிட்ட, என்ன கேக்கணும்னு விளக்கம் தேவைப்படலை. அக்கா வீடு எங்க கடையிலேர்ந்து நாலு தெரு தள்ளித்தான் இருக்கு. நான் போகலை. அந்த வாரமே போதகர்கிட்டப் போய், "ஏதாவது ஊழியம் குடுங்க"ன்னு நின்னேன். அங்கிகளைக் குடுத்தார். அப்புறம் சாவியைக் குடுத்தார். திங்கக்கிழமை உபவாசம், வெள்ளிக்கிழமை கூடுகைன்னு ஒண்ணொண்ணா இழுத்துப் போட்டுக்கிட்டேன். எப்ப முழங்கால் போட்டாலும் அந்த ரெண்டு வார்த்தைதான் முதல்ல வரும். அது கேக்காம இருக்கத்தான் சத்தமா ஜெபிக்கப் பழகினேன். எல்லாரும் அதைப் பரிசுத்த ஆவியோட அபிஷேகம்னு நினைச்சுக்கிட்டாங்க.

மூணாவது ஞாயித்துக்கிழமை ஈரம் இடுப்புக்கு வந்துச்சு.

அதுக்கு மேல மறைக்க முடியலை. போதகரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் நல்ல மனுஷன், சின்ன வயசு, எதையும் அவசரப்பட்டுச் சொல்ல மாட்டார். தொட்டுப் பாத்துட்டு ஈரக் கையை ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே நின்னார். அதுக்குள்ளே பெண்கள் கூடுகைத் தலைவி வந்துட்டாங்க. அவங்களுக்கு நாங்க வச்ச பேர் அல்லேலூயா அம்மா. தும்மினாக்கூட அல்லேலூயாதான். அங்கியைப் பாத்ததும், "எழுப்புதல் வரப்போகுது! சபை புது உயிர் பெறப்போகுது! தண்ணி ஏறுது பாருங்க!"ன்னு போட்ட சத்தத்துல ஆராதனைக்கு வந்த அத்தனை பேரும் அறைக்குள்ளே நுழைஞ்சுட்டாங்க. ஒருத்தி ஓரத்தை எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிட்டா. இன்னொருத்தி படம் பிடிச்சா. படத்துல அங்கி காஞ்சதாத்தான் தெரிஞ்சுது. அதைப் பாத்ததும் எல்லாருக்கும் மயிர்க்கூச்செடுத்துச்சு.

"எல்லாம் இவ கையோட உண்மைத்தனம்தான்"னு அல்லேலூயா அம்மா என்னைப் பிடிச்சு நிறுத்தினாங்க. எனக்கு உச்சி குளிர்ந்துபோச்சு. நீல நூல் என் விரல்ல பட்டுக்கிட்டே இருக்கு, உள்ளுக்குள்ளே அந்த ரெண்டு வார்த்தை, நான் கண்ணை மூடி ஆமென் போட்டுக்கிட்டு நிக்கிறேன். அப்ப வந்து யாராவது கன்னத்துல ஒண்ணு விட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்.

நாலாவது ஞாயித்துக்கிழமை ஈரம் நெஞ்சுக்கு வந்துச்சு. அன்னைக்கு அலமாரியைத் திறந்தப்ப இன்னொண்ணும் பாத்தேன். வெறும் துணி தொங்கும்போது மடிஞ்சு தொய்ஞ்சு இருக்கும் இல்லையா? இது அப்படி இல்லை. தண்ணிக்குள்ளே நிக்கிற ஆளோட துணி மிதந்து விரியுமே, அந்த மாதிரி கொஞ்சம் அகலமா விரிஞ்சு நின்னுச்சு. காத்து இல்லை. மத்த ஆறும் அசையலை. இது மட்டும் ரொம்ப மெதுவா, மூச்சு விடற மாதிரி, விரிஞ்சு சுருங்கிச்சு. கதவைச் சாத்திட்டு அந்தக் கதவு மேலயே சாஞ்சு நின்னேன்.

நாலு படி முடிஞ்சுது. அடுத்தது முழுகுறதுதான்.

சபைக்கோ ஒரே கொண்டாட்டம். வர்ற சனிக்கிழமை மத்தியானம் மூணு மணிக்குச் சங்கிலி ஜெபம் ஆரம்பிக்கணும், ஒருத்தர் மாத்தி ஒருத்தர்னு ஞாயித்துக்கிழமை காலை வரைக்கும் விடாம ஓடணும், முதல் ஜெபம் நான்தான் ஏறெடுக்கணும்னு முடிவு பண்ணிட்டாங்க. அந்த வாரம் பூரா எனக்குச் சாப்பாடு இறங்கலை. உபவாசம்னு எல்லாரும் நினைச்சாங்க.

அந்த சனிக்கிழமை ஒண்ணரை மணி இருக்கும். அங்கிகளுக்கு இஸ்திரி போட்டுட்டிருந்தேன். கடை வாசல்ல ஒருத்தர் பெரிய பையோட நின்னார். நிமிந்து பாத்தா அத்தான். அக்காவோட வீட்டுக்காரர். பதினோரு வருஷத்துல முடி மொத்தமும் நரைச்சுப்போச்சு.

"வழக்கமாப் போடற கடை மூடியிருக்கு"ன்னார், என் முகத்தைப் பாக்காம. "படுக்கை விரிப்பு. இன்னைக்கே வேணும்."

"உள்ளே வாங்க அத்தான்."

"உன்னைக் கூப்பிட ஒண்ணும் வரலை. நான் இங்கே வந்தது அவளுக்குத் தெரியாது." பையை மேடை மேல வச்சுட்டு அப்படியே நின்னார். அவராத்தான் சொன்னார். "இதயம் வீங்கிப்போச்சாம். உடம்புல தண்ணி கோக்குது. முதல்ல பாதம் வீங்குச்சு. மறுவாரம் முழங்கால். அப்புறம் வயித்துல. இந்த வாரம் நெஞ்சுல ஏறிடுச்சு. படுக்க முடியலை, உக்காந்தே இருக்கா. மருந்துக்கு அடங்கலைன்னு டாக்டர் கையை விரிச்சுட்டார்."

இஸ்திரிப் பெட்டி அங்கி மேலயே இருந்திருக்கு. வீட்டுக்காரர் ஓடி வந்து தூக்கினார். நாலாம் நம்பர்தான் அது. அவ்வளவு சூட்டுல துணி கருகியிருக்கணும். கருகலை. நெஞ்சுப் பக்கத்துலேர்ந்து புஸ்ஸுன்னு ஆவி வந்துச்சு. ஒரு மணி நேரத்துக்கு முன்னாடிதான் அதை எலும்பாக் காயவச்சு எடுத்திருந்தேன்.

அத்தான் கிளம்பிப் போனப்புறம் விரிப்புகளைத் துவைச்சுக் காயவச்சு மடிக்கிறதுக்குள்ளே மணி மூணு ஆகப்போகுது. செல்போன் அடிச்சுக்கிட்டே இருக்கு. அல்லேலூயா அம்மா. "எங்கே இருக்கே? எல்லாரும் வந்தாச்சு, உனக்காகத்தான் காத்திருக்கோம்!" ஒரு கையில அங்கிப் பை, இன்னொரு கையில அக்காவோட விரிப்பு. சபை வலது பக்கம், அக்கா வீடு இடது பக்கம். கடை வாசல்ல நின்னுட்டேன். சிரிக்காதீங்க, அப்பவும் யோசிச்சேன். முதல்ல போய் ஜெபத்தை ஆரம்பிச்சு வச்சுட்டு அப்புறம் அக்கா வீட்டுக்குப் போகலாம்னு ஒரு நினைப்பு. பதினோரு வருஷமா இதே அப்புறம்தான்.

வீட்டுக்காரர் என் கையிலேர்ந்து அங்கிப் பையை வாங்கிக்கிட்டார். "இதை நான் மாட்டிடறேன். நீ போ"ன்னார். அவர் என்கிட்டப் போன்னு சொன்னது கல்யாணம் ஆனதுலேர்ந்து அதுதான் முதல் தடவை. செல்போனை அணைச்சுட்டு இடது பக்கம் திரும்பினேன்.

அக்கா வீடு ரெண்டாவது மாடி. அத்தான் கதவைத் திறந்தார், ஒதுங்கி நின்னார். உள் அறையில ஜன்னலோரம் அக்கா நாற்காலியில உக்காந்திருந்தா, முதுகுக்கு மூணு தலையணை. கால் ரெண்டும் தூண் மாதிரி வீங்கியிருந்துச்சு. முகம் மட்டும் வத்திப்போயிருந்துச்சு. தாடையை மேலே தூக்கி வச்சுக்கிட்டு, தண்ணிக்கு வெளியே மூக்கை நீட்டிக்கிட்டு மூச்சு விடறவ மாதிரி விட்டுக்கிட்டிருந்தா. கண்ணு மூடியிருந்துச்சு.

அறையில தண்ணி எங்கேயும் கிடையாது. ஒரு வாளிகூட இல்லை. ஆனா கூரையில வெளிச்சம் ஆடிக்கிட்டிருந்துச்சு. வெயில் தண்ணியில பட்டு மேலே நெளியுமே, அந்த நெளிவு. உள்ளே காலை வச்சேன். செருப்பைக் கழட்டிட்டுத்தான் வந்திருந்தேன். பாதம் சில்லுன்னுச்சு. குனிஞ்சு பாத்தா தரை காஞ்சுதான் இருக்கு. இன்னொரு அடி வச்சேன், சில்லிப்பு முழங்காலுக்கு வந்துச்சு. ஓடிடலாம்னு தோணுச்சு, பொய் சொல்லலை. எனக்குத் தண்ணின்னா இன்னைக்கும் அதே பயம்தான்.

"யாரது?"ன்னா அக்கா, கண்ணைத் திறக்காம.

"நான்தான்கா."

ரெண்டு மூச்சு இழுத்தா. அப்புறம், "நாலு தெரு தாண்டி வர பதினோரு வருஷம் ஆச்சாடி? நடந்தா வந்தே, தவழ்ந்தா வந்தே?"ன்னா.

வழியெல்லாம் ஒரு பெரிய பேச்சைத் தயார் பண்ணிக்கிட்டு வந்திருந்தேன். அதுல ஆண்டவர் பேரே ஏழெட்டு தடவை வரும். அதை அப்படியே விட்டுட்டேன். அவ முன்னாடி தரையில உக்காந்தேன். உக்காந்ததும் அந்தச் சில்லிப்பு என் கழுத்துக்கு வந்துடுச்சு.

"அக்கா, அன்னைக்கு நான் பண்ணினது ஜெபம் இல்லை. உன் பொண்ணோட மானத்தை எடுத்து ஊருக்கு முன்னாடி விரிச்சேன். எனக்கு ஒரு விஷயம் தெரியும்னு காட்டிக்கணும்னு ஆசை, அவ்வளவுதான். உன்னைக் கேக்காம பண்ணினேன். அப்புறம் வந்து கேக்கச் சொல்லி ஆண்டவர் சொன்னார், அதையும் பண்ணலை. மன்னிச்சுடு."

அவ கண்ணைத் திறந்தா. கோபம் இருந்துச்சு, நான் பாத்தேன். அது ஒண்ணும் சட்டுன்னு கரைஞ்சு போயிடலை. "நாலு வாரமா கண்ணை மூடினா அந்தத் தொட்டிதான் வருது"ன்னா. "படியில நிக்கிறேன். கடைசிப் படியில யாரும் இருக்காங்களான்னு தெரியலை, இருட்டா இருக்கு. கையை நீட்டறேன், பிடிக்க ஆள் இல்லை. உன்னைத்தான் திட்டினேன். நான் இவளுக்காக ரெண்டாவது தடவையும் இறங்கினேனே, இவ எங்கே போய்த் தொலைஞ்சான்னு."

"துவைச்சுக்கிட்டிருந்தேன்கா. உன் அங்கியைத்தான் வாராவாரம்."

"நல்ல வேலைதான் போ"ன்னா. சிரிக்கப் பாத்தா, இருமல் வந்துடுச்சு. இருமல் அடங்கினதும் கையை நீட்டினா. "உன்னை மன்னிச்சாச்சான்னு எனக்கே தெரியலை. மன்னிக்கணும்னு இருக்கு, அது மட்டும் நிஜம். மீதியை அவர் பாத்துக்கட்டும். ஜெபம் பண்ணு."

நான் பழக்கதோஷத்துல கண்ணை மூடி நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தேன். அக்கா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடிச்சா.

"சத்தமா பண்ணாதே"ன்னா.

வாயை மூடினேன். பதினோரு வருஷத்துல முதல் தடவையா வாயை மூடிக்கிட்டு ஜெபிச்சேன். "போய்க் கேளு" வருமான்னு காத்திருந்தேன். வரலை. உள்ளே அப்படி ஒரு அமைதி. அக்காவோட மூச்சு மட்டும் கேட்டுச்சு. கொஞ்ச நேரத்துல அது ஒரு இழுப்பு இழுத்து நின்னுச்சு. எண்ணினேன், ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. என் உயிர் என்கிட்ட இல்லை. அப்புறம் ஒரே மூச்சா, தண்ணிக்குள்ளேர்ந்து தலை வெளியே வந்தவ இழுக்கிற மாதிரி இழுத்து விட்டா. கூரையில ஆடின வெளிச்சம் காணாமப் போயிருந்துச்சு. என் கால் கதகதன்னு இருந்துச்சு. "படுக்கணும் போல இருக்கு"ன்னா அக்கா. நான் கொண்டுபோன விரிப்பைப் போட்டோம். ஒரு வாரத்துக்கப்புறம் அன்னைக்குத்தான் அவ முதுகைச் சாய்ச்சுத் தூங்கினா. அத்தான் கதவோரம் நின்னு வாயைப் பொத்திக்கிட்டு அழுதார்.

மறுநாள் காலையில சபை வாசல்ல திருவிழாக் கூட்டம். அலமாரியைத் திறந்தேன். நாலாம் நம்பர் அங்கி மொடமொடன்னு காஞ்சு தொங்குது.

அல்லேலூயா அம்மாவுக்கு அழுகையே வந்துடுச்சு. "நேத்து நீ வராததாலதான் வத்திப்போச்சு! எங்கே போனே? யாருக்கு என்ன? சொல்லு, ஜெபக் குறிப்பா வச்சு எல்லாருமா ஜெபிப்போம்"னு மைக்கை என் கையில திணிச்சாங்க. எல்லாக் கண்ணும் என் மேல. சொல்லியிருந்தா என்ன சாட்சியா இருந்திருக்கும்! அங்கி, தண்ணி, அக்கா, மூச்சு, எல்லாத்தையும் சொல்லி முடிக்கிறதுக்குள்ளே ஜனங்க தரையில விழுந்து அழுதிருப்பாங்க. என் நாக்கு நுனியில வந்து நின்னுச்சு. அதோட ருசி எனக்கு நல்லாத் தெரியும்.

"ஆண்டவருக்குத் தெரியும்மா"ன்னு சொல்லி மைக்கைத் திருப்பிக் குடுத்துட்டேன். என் விசுவாசம் குறைஞ்சுபோச்சுன்னு அன்னைக்கே பேச்சு கிளம்பிடுச்சு. அடுத்த வெள்ளிக்கிழமை எனக்காக சத்தமா ஜெபிச்சாங்களாம். போதகர் மட்டும் என்கிட்ட எதுவும் கேக்கலை.

கூட்டம் கலைஞ்சப்புறம் அங்கியைத் தனியா எடுத்துப் பாத்தேன். உடம்பெல்லாம் காஞ்சிருந்துச்சு. வலது கையோட மணிக்கட்டுப் பக்கம் மட்டும் ஈரம். நாலு விரல், ஒரு கட்டைவிரல், யாரோ இறுக்கிப் பிடிச்ச அளவு. நான் அதை இஸ்திரி போடலை.

அக்கா அதுக்கப்புறம் அஞ்சு வாரம் இருந்தா. தினமும் போனேன். துவைச்சு, ஊட்டி, திட்டு வாங்கி, திட்டி, எங்களுக்குள்ளே பழைய சண்டையெல்லாம் திரும்பி வந்துச்சு. நல்ல சண்டைங்க. பொண்ணு வந்தா. என்னைப் பாத்து ஒரு வார்த்தை பேசலை. பேச வேண்டிய கட்டாயம் அவளுக்கு இல்லை. அவகிட்டயும் மன்னிப்புக் கேட்டேன், தலையை மட்டும் ஆட்டினா. "எனக்கப்புறம் இதை யாருக்காவது சொல்லணும்னா சொல்லிக்கோ. என் பொண்ணு விஷயம் மட்டும் வெளியே வரக் கூடாது"ன்னு அக்கா சொன்னது அந்த நாட்கள்ல ஒரு நாள்தான்.

கடைசி நாள் ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியான வெயில். பொண்ணு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கூரையில மறுபடியும் அந்த வெளிச்சம் நெளிஞ்சுது. பொண்ணும் அண்ணாந்து பாத்தா. அக்கா கண்ணு கூரைக்கும் என் முகத்துக்குமா அலைஞ்சுது. எதுக்கும் பயப்படாதவ, அன்னைக்குப் பயந்தா. என் பாதம் சில்லுன்னுச்சு, அப்புறம் முழங்கால். நான் எழுந்து ஓடலை. அவ மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டேன்.

"கீழே பாக்காதேக்கா. என்னைப் பாரு. நாலு படிதான்."

"கடைசியில?"ன்னு உதடு மட்டும் அசைஞ்சுது.

"ஆள் நிக்கிறார். விட மாட்டார்."

அவ என்னையே பாத்துக்கிட்டு இறங்கினா. சில்லிப்பு என் இடுப்புக்கு வந்துச்சு, நெஞ்சுக்கு வந்துச்சு. அங்கே, என் விரல்ல ஒரு இழுப்பு தெரிஞ்சுது. அவ கையை யாரோ எதிர்ப் பக்கத்துலேர்ந்து பிடிச்சு வாங்கிக்கிட்ட மாதிரி. பிடியை விட்டேன்.

அறை காஞ்சுகிடந்துச்சு, விரிப்பும் காஞ்சுகிடந்துச்சு. பொண்ணு என் கையைக் காட்டி, "என்ன சித்தி, ஈரமா இருக்கு?"ன்னு கேட்டா. பதினோரு வருஷம் கழிச்சு அவ என்கிட்டப் பேசின முதல் வார்த்தை அதுதான்.